தன் ஜாப்பைத் தானே அளக்கத் தெரிந்த மாணவர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்பள்ளியில் படித்து வரும் பிள்ளைகளுக்கு வேலை தெரியவில்லை என்று நிறுவனங்கள் குறை சொல்கின்றன. நன்றாகப் படித்த பிள்ளையைக்கூட நிறுவனங்கள் மதிப்பதில்லை என்று பள்ளிகள் வருந்துகின்றன. இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் தீர்வாக முதலில் வந்து நிற்பது புதிய இயந்திரம்தான். பழைய லேத்தை (கடைசல் இயந்திரம்) தூக்கிவிட்டு சிஎன்சி (கணினி ஓட்டும் இயந்திரம்) வாங்குங்கள், ரோபோ வாங்குங்கள் என்கிறார்கள். இயந்திரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர் முதல் மூன்று மாதத்தில் எங்கெங்கே தடுமாறுகிறார் என்று பணிமனையில் நின்று கவனித்தால், பெரும்பாலான தடுமாற்றங்களுக்கும் பள்ளி லேத்தின் வயதுக்கும் சம்பந்தம் இருக்காது. தான் செய்த ஜாப், அதாவது செய்து முடித்த பாகம், சரியா, தவறா என்று அவருக்கே சொல்லத் தெரிவதில்லை. பள்ளியில் அதைச் சொல்லவேண்டிய தேவை அவருக்கு வந்ததே இல்லை. செய்து கொண்டுபோய் மேசையில் வைப்பார், ஆசிரியர் அளப்பார், மார்க் போடுவார். அத்தோடு அந்த ஜாப்பின் கதை முடிந்தது.

லேத்தில் வேலை கற்கும் ஒரு டர்னர் மாணவரை எடுத்துக்கொள்வோம். டிராயிங்கில் ஒரு ஷாஃப்ட் (உருளைத் தண்டு), விட்டம் ‘25 ஜி6’ என்று இருக்கிறது; எண் அளவையும், எழுத்தும் அடுத்த எண்ணும் எவ்வளவு விலகலாம் என்பதையும் குறிக்கும். அது போய் உட்காரும் துளை ‘25 எச்7’. ஐஎஸ்ஓ அட்டவணைப்படி துளை 25.000 முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம். ஷாஃப்ட் 24.980 முதல் 24.993 வரை. அதாவது ஷாஃப்ட் அளவு மாறக் கிடைக்கும் இடைவெளி, பணிமனைச் சொல்லில் டாலரன்ஸ், 0.013 மி.மீ. மட்டுமே. மாணவர் கையில் இருப்பதோ 0.02 மி.மீ. வரை காட்டும் வெர்னியர். அவர் அளக்கிறார், 24.98 என்று வருகிறது, ‘சரியாக இருக்கிறது சார்’ என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வெர்னியரில் 24.98 என்று தெரியும் ஷாஃப்ட் உண்மையில் 24.97 ஆகவும் இருக்கலாம், 24.99 ஆகவும் இருக்கலாம். ஒன்று ஸ்கிராப், இன்னொன்று நல்ல ஜாப். எந்த அளவை எந்தக் கருவியால் அளப்பது என்பதை அவர் தேர்ந்தெடுத்ததே இல்லை. கையில் கொடுத்ததைக் கொண்டு அளந்தார். அளக்கும் கருவி, டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கைக் காட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது பணிமனையில் பழைய கணக்கு. அப்படிப் பார்த்தால் இந்த ஷாஃப்டுக்கு 0.001 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும்.

மைக்ரோமீட்டரைக் கொடுத்தாலும் கதை முடிவதில்லை. முதலில் ஜாப்பைப் பிடிக்கும் ஆன்வில், ஸ்பிண்டில் முகங்களைத் துடைத்து, அழுத்தம் மிகாமல் காக்கும் ராட்செட்டைத் திருப்பி மூடிப் பூஜ்யம் வருகிறதா என்று பார்க்கவேண்டும். 25க்கு மேற்பட்ட கருவியென்றால் அதனோடு வரும் செட்டிங் ராடை (அளவு தெரிந்த கம்பி) வைத்துப் பார்க்கவேண்டும். பூஜ்யம் 0.004 தள்ளி இருந்தால் டாலரன்ஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. ராட்செட்டை விட்டுவிட்டுத் திம்பிளை (அளவுக்கோடு உள்ள சுழல் உறை) பிடித்து இறுக்கினால் அளவு குறைத்துக் காட்டும். ஜாப்பின் ஓரத்தில் பிசிறு இருந்தால் கூட்டிக் காட்டும். ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. இரண்டு முனையிலும் நடுவிலும், ஒவ்வோர் இடத்திலும் 90 டிகிரி திருப்பி இன்னொரு முறையும் என ஆறு அளவு எடுக்கவேண்டும். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் வித்தியாசம் வந்தால் ஜாப்பின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் நடு விலகியிருக்கிறது என்று அர்த்தம். ஆறு எண்களை எழுதிப் பழகியவர், எண்ணைப் பார்த்தே லேத்தில் என்ன கோளாறு என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்.

இன்னொன்று, சூடு. லேத்திலிருந்து கழற்றிய கையோடு அளக்கும் பழக்கம் பள்ளியில் சர்வசாதாரணம். எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 11.5 மைக்ரான் (மைக்ரான் என்பது 0.001 மி.மீ.) விரியும். 25 மி.மீ. ஷாஃப்ட் 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 0.0086 மி.மீ. பெரிதாகக் காட்டும். இடைவெளியே 0.013தான். சூட்டில் 24.985 என்று அளந்து வைத்தது ஆறியபின் 24.976 ஆகி, ஷாஃப்ட் அளவு குறைந்துபோகும். நீள அளவுகளுக்குப் பொதுவான வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்று 1931லேயே உலக அளவில் முடிவு செய்துவிட்டார்கள். எல்லாப் பணிமனையையும் 20 டிகிரியில் வைக்க முடியாது. ஜாப்பும் கருவியும் ஒரே சூட்டில் இருக்கும்வரை பொறுப்பது எல்லோராலும் முடியும். ‘ஆற வைத்து அள’ என்ற மூன்று சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறது என்று மாணவரே ஒருமுறை போட்டுப் பார்த்தால் பிறகு மறக்கமாட்டார்.

பள்ளியில் இந்தக் கண்டிப்பு ஏன் வருவதில்லை? ஆசிரியர்களைக் குறை சொல்வது எளிது, ஆனால் காரணம் பாடமுறையிலேயே இருக்கிறது. பயிற்சியைச் சின்னச் சின்ன அப்பியாசங்களாகப் பிரித்து, எளியதிலிருந்து கடினமானதுக்குப் போகும் முறையை 1868 வாக்கில் மாஸ்கோ இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா வாஸ் வகுத்தார். 1876ல் ஃபிலடெல்பியா கண்காட்சியில் அதைப் பார்த்து வியந்த அமெரிக்கர்கள் தங்கள் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள்; அந்தத் தடத்தில்தான் இன்றும் பல பள்ளிப் பணிமனைகள் நடக்கின்றன. நல்ல முறைதான். நூறு பேருக்கு ஒரே நேரத்தில் ஒழுங்காகக் கற்பிக்க அதுபோல் வேறு வழி அப்போது இல்லை. ஆனால் அப்பியாச ஜாப்புக்கு ஒரு குறை உண்டு. அது எதிலும் போய்ப் பொருந்துவதில்லை. ஸ்டெப் டர்னிங் செய்த கம்பி அலமாரியில் தூங்கும். அளவு 0.3 தவறியிருந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, மார்க்தான் இரண்டு குறையும். தவறிய ஷாஃப்ட் துளைக்குள் போகாமல் நிற்பதை மாணவர் கண்ணால் பார்ப்பதே இல்லை.

ஆகவே முதல் மாற்றம்: அப்பியாசங்கள் இருக்கட்டும், ஆனால் ஒவ்வொன்றும் இன்னொருவர் செய்ததோடு பொருந்தவேண்டும். ஒரு குழு ஷாஃப்ட் செய்யட்டும், இன்னொரு குழு அது உட்காரும் புஷ் (துளையுள்ள உருளை) செய்யட்டும், ஃபிட்டர் மாணவர்கள் இரண்டையும் பூட்டும் கீ செய்யட்டும். மூன்றையும் சேர்க்கும்போது யாருடையது தவறு என்று ஆசிரியர் சொல்லவேண்டியதில்லை, பொருளே காட்டிக்கொடுக்கும். ஜாப்போடு ஒரு தாளும் வரவேண்டும். அதில் மாணவர் கையால் எழுதிய அளவுகள், அளந்த கருவியின் பெயர், ‘ஏற்கலாம்’ அல்லது ‘தள்ளு’ என்ற அவரது தீர்ப்பு. பிறகு ஆசிரியர் அளக்கிறார். இங்கேதான் மார்க் போடும் முறையைத் திருப்பவேண்டும். ஜாப் தவறி, மாணவரும் ‘தள்ளு’ என்று எழுதியிருந்தால் பாதி மார்க்குக்கு மேல் கொடுங்கள். ஜாப் தவறி, ‘ஏற்கலாம்’ என்று எழுதியிருந்தால் பூஜ்யம். பணிமனையில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் மிக அதிகம். முதலாமவரால் ஒரு ஷாஃப்ட் நஷ்டம். இரண்டாமவரால் அந்த ஷாஃப்ட் இயந்திரத்துக்குள் போய், பேரிங் போய், அதைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று பேரின் நாள் போகும்.

தவறை மறைக்கும் பழக்கத்தைப் பள்ளி தெரியாமலேயே கற்றுக்கொடுக்கிறது என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறோம். குறைந்த அளவை ஃபைல் தேய்த்துப் பளபளப்பாக்கி மறைப்பது, மரை வெட்டும் டேப் உடைந்தால் துளைக்குள்ளேயே விட்டு மேலே கிரீஸ் பூசுவது, வெல்டிங் நுண்துளைமேல் பெயின்ட் அடிப்பது, இவையெல்லாம் மார்க் பயத்தில் பிறந்தவை. சிவப்பு நிறப் பெட்டி ஒன்றைப் பணிமனை நடுவில் வையுங்கள். தள்ளிய ஜாப்பில் சீட்டு கட்டி, என்ன தவறியது, ஏன் என்று எழுதி அதில் போடட்டும். வாரம் ஒருமுறை அந்தப் பெட்டியை எல்லோர் முன்னாலும் திறந்து, யார் பெயரும் சொல்லாமல், காரணத்தை மட்டும் பேசுங்கள். புத்தகத்தில் இல்லாத பாடம் அந்தப் பெட்டியில் கிடைக்கும்.

உதாரணமாக டேப் உடைவது. எம்8 மரைக்கு, அதாவது 8 மி.மீ. மரைக்கு, துளை 6.8 மி.மீ. எட்டிலிருந்து பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம்) 1.25ஐக் கழித்தால் 6.75, கிடைக்கும் ட்ரில் 6.8. பெட்டியில் 6.8 இல்லை என்று 6.5 போட்டுவிட்டு டேப்பைத் திருப்பினால் அது வெட்டவேண்டிய உலோகம் கூடி இறுகும், உடையும். துளை சரியாக இருந்தும் உடைகிறது என்றால், டேப் நேராக நுழைந்ததா என்று மூலைமட்டம் வைத்துப் பார்க்கவில்லை, அல்லது அரைச் சுற்றுக்கு ஒருமுறை பின்னே திருப்பிச் செதிலை முறிக்கவில்லை, அல்லது எண்ணெய் விடவில்லை. அடி மூடிய துளையில் இன்னொரு காரணம் உண்டு. 16 மி.மீ. ஆழத்துக்கு மரை வேண்டுமென்றால் துளையை 16லேயே நிறுத்தக் கூடாது. டேப் முனையின் கூம்பிய பகுதிக்கும் செதில் தங்குவதற்கும் சேர்த்து 5, 6 மி.மீ. கூடுதலாகப் போகவேண்டும். இல்லையென்றால் டேப் அடியில் முட்டும், கை இன்னும் திருப்பும். ‘டேப் உடைந்துவிட்டது’ என்று மட்டும் எழுதிய சீட்டைத் திருப்பிக் கொடுங்கள். இந்த ஐந்தில் எது என்று எழுதி வரட்டும்.

இரண்டாவது மாற்றம், எண்ணிக்கை. பள்ளியில் மாணவர் ஒரு ஜாப்பை ஒருமுறைதான் செய்கிறார். நிறுவனத்தில் கேட்பது ஐம்பது, எல்லாம் ஒன்றுபோல. ஒன்றை நன்றாகச் செய்வதும் ஐம்பதை ஒன்றுபோலச் செய்வதும் வேறு வேறு திறமை. ஆண்டில் இரண்டு முறையாவது ஒரே டிராயிங்கில் 20 ஜாப் செய்யச் சொல்லுங்கள். விட்டம் 25, கூட்டியோ குறைத்தோ 0.05 மி.மீ. போகலாம் என்று வையுங்கள். முதல் ஜாப்பை முழுதாக அளந்து ஆசிரியரிடம் கையெழுத்து வாங்காமல் இரண்டாவதைத் தொடக் கூடாது. பிறகு ஒவ்வொன்றின் விட்டத்தையும் கட்டத்தாளில் புள்ளியாக வைக்கட்டும். டூல் தேயத் தேய வெளிவிட்டம் கூடிக்கொண்டே வரும். 24.98, 24.98, 24.99, 25.00, 25.02 என்று புள்ளிகள் ஏறுவதைக் காணலாம். 25.05ஐத் தாண்டியபின் விழிப்பவருக்கு ஸ்கிராப். 25.03லேயே கையை எடுத்து டூலைப் பார்ப்பவருக்கு வேலை தெரியும். 1924ல் வால்டர் ஷூஹார்ட் தொழிற்சாலைக்காக வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் அடிப்படை எண்ணமும் இதுதான். பெரிய கணக்கு எதுவும் இல்லாமல், பென்சிலும் கட்டத்தாளும் போதும்.

சரிசெய்யும்போது வரும் பிழைகளும் அப்போதுதான் வெளியே வரும். சில லேத்துகளில் டூலை உள்ளே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு டயல் ஆரத்தைக் காட்டும், சிலவற்றில் விட்டத்தைக் காட்டும். ஆரம் காட்டும் டயலில் 0.04 உள்ளே திருப்பினால் விட்டத்தில் 0.08 போய்விடும். இரண்டு வகையிலும் வேலை செய்யாத மாணவர் புதிய இடத்தில் முதல் நாளே இதில் விழுவார். அளவைத் தாண்டித் திருப்பிவிட்டால் கொஞ்சம் பின்னே இழுத்துச் சரிசெய்ய முடியாது. திருகில் உள்ள லூஸ் காரணமாக டயல் நகரும், டூல் நகராது. அரைச் சுற்றுக்குமேல் பின்னே போய் மறுபடி முன்னே வரவேண்டும். சிஎன்சியில் இதே பிழை, டூல் நிலையைத் திருத்தும் எண்ணான ஆஃப்செட்டில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் போடுவதாக வரும். நிறுவனத்துக்குப் பயம் அதுதான். ப்ரோக்ராம் எழுதத் தெரிந்தவர்கள் கிடைத்துவிடுகிறார்கள். ஆஃப்செட் மாற்றியபின் ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டும் சிங்கிள் பிளாக்கில் போட்டு, வேகத்தைக் குறைத்து, ஸ்டாப் பட்டன்மேல் கை வைத்து முதல் ஜாப்பை ஓட்டுகிற நிதானம் உள்ளவரைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

வேகக் கணக்கைப் பரீட்சையில் எல்லோரும் போடுகிறார்கள். மைல்டு ஸ்டீலை எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலால் நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் வெட்ட, 25 மி.மீ. விட்டத்துக்கு ஏறக்குறைய 380 சுற்று. அதுவே பார்ட்டிங் (கம்பியை வெட்டிப் பிரிப்பது) செய்யும்போது மிகவும் குறைக்கவேண்டும். ஆனால் பணிமனையில் முந்தைய மாணவர் விட்டுப்போன கியரிலேயே எல்லா வேலையும் நடக்கிறது. வேலை தொடங்குமுன் நான்கு பத்தி போட்டு ஒரு தாள் எழுதச் சொன்னால் போதும்: வரிசைப்படி என்ன வேலை, எந்த டூல், எத்தனை சுற்று, எதால் அளப்பது. தாள் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெல்டிங் பக்கம் போவோம். மாணவர்கள் படுக்கைவாட்டில் தகடு வைத்து அழகான வரி போடுகிறார்கள். நிறுவனத்தில் வேலை செங்குத்தாக இருக்கும், தலைக்கு மேலே இருக்கும், ஒரு கை மட்டும் நுழையும் மூலையில் இருக்கும். பயிற்சி நேரத்தில் பாதியாவது படுக்கை அல்லாத நிலையில் போகவேண்டும். அதைவிடப் பெரிய இடைவெளி, இணைப்பின் அளவு. இரண்டு தகடு சேரும் மூலையில் போடும் வெல்டிங்தான் ஃபில்லட். அதன் கால் (தகட்டின்மேல் படியும் நீளம்) 6 மி.மீ. என்றால் தொண்டை அளவு (வேரிலிருந்து மேற்பரப்புக்குக் குறுக்கே உள்ள தூரம்) 0.7 மடங்கு, அதாவது 4.2 மி.மீ. பாரத்தைத் தாங்குவது இந்தத் தொண்டைதான். மேற்பரப்பு குழிந்திருந்தால் கால் 6 இருந்தும் தொண்டை 4.2 இருக்காது. இரண்டு தகடுக்கும் நடுவில் 2 மி.மீ. இடைவெளி விட்டுப் பற்றவைத்தால், வெளியே 6 தெரிந்தாலும் உள்ளே வேலை செய்வது 4தான். அந்த 2 மி.மீட்டரைக் காலில் கூட்டிப் போடவேண்டும். ஃபில்லட் கேஜ் விலை உயர்ந்த கருவி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மாணவர் பையிலும் இருக்கவேண்டும். வரி அழகாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து மார்க் போடுவதை நிறுத்தி, கேஜ் வைத்துப் பாருங்கள், பிறகு சில துண்டுகளை உடைத்துப் பாருங்கள். உடைந்த முகத்தில் வேர் உருகாமல் இருப்பது, கசடு சிக்கியிருப்பது, துளைகள் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

7018 வகை வெல்டிங் ராடை எடுப்பவர்களுக்கு இன்னொன்று கட்டாயம் பழக்கவேண்டும். அந்த ராடின் பூச்சு ஈரத்தை இழுக்கும். ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டிங்கில் தங்கி, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து, சில நேரம் இரண்டு நாள் கழித்துக்கூட விரிசல் விடும். அதனால்தான் திறந்து கிடந்த ராடை அடுப்பில் பொதுவாக 300 முதல் 350 டிகிரி வரை, உற்பத்தியாளர் பெட்டியில் அச்சிட்டபடி, சுட்டு எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு கட்டு ராடைத் தரையில் பிரித்துப் போட்டுவிட்டு வாரம் முழுக்க எடுத்து எடுத்துப் பற்றவைக்கும் பழக்கத்தோடு வெளியே போகிறவருக்கு, தன் கண் முன்னால் நன்றாக இருந்த இணைப்பு ஏன் மறுநாள் விரிந்தது என்று புரியவே புரியாது.

எலக்ட்ரீஷியன் பிரிவில் குறை வேறு மாதிரி. அங்கே மாணவர் எப்போதும் வயரிங் செய்து, சுவிட்சைப் போட்டு, மோட்டார் ஓடியதும் முடித்துவிடுகிறார். நிறுவனத்தில் வயரிங் ஏற்கெனவே இருக்கிறது. அது ஓடாமல் நிற்கிறது. கோளாறு தேடுவதுதான் வேலை. ஆகவே வேலை செய்யாத பேனல்களைப் பள்ளியில் செய்து வைக்கவேண்டும். கன்ட்ரோல் ஃப்யூஸ் போன ஒன்று, கான்டாக்டரின் (மின்காந்தத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச்) காயில் அறுந்த ஒன்று, பட்டனை விட்டபின்னும் கான்டாக்டரைப் பிடித்துவைக்கும் ஹோல்டிங் கான்டாக்ட் ஒட்டாத ஒன்று, டெர்மினல் திருகு லூசான ஒன்று, கரண்ட் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகி ரீசெட் செய்யாத ஒன்று என ஐந்து பேனல் போதும், வாரா வாரம் கோளாறை இடம் மாற்றலாம். மாணவர் எதையும் கழற்றுமுன், எங்கிருந்து எங்கே எத்தனை வோல்ட் அளந்தேன், அதனால் என்ன நினைக்கிறேன் என்று எழுதவேண்டும். நல்ல பாகத்தைக் கழற்றி மாற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் மார்க் குறையுங்கள். ‘மாற்றிப் பார்ப்போம்’ என்ற பழக்கம் நிறுவனத்துக்கு நேரமும் பாகமும் தின்னும்.

மின்சாரம் நின்றுவிட்டதா என்று பார்ப்பதற்கும் வரிசை உண்டு. தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைக்கவேண்டும். மீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும், பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடியும் முதல் இடத்தில். மூன்றாவது முறை எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். நடுவில் மீட்டரின் வயரோ ஃப்யூஸோ போயிருந்தால், உயிருள்ள வயரும் பூஜ்யம் காட்டும். இந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தும் கையை எந்த நிறுவனமும் விரும்பாது.

மோட்டாரைக் குறைந்த கரண்டில் தொடங்கவைக்கும் ஸ்டார்-டெல்டா பேனலில் ஓவர்லோடு ரிலே செட்டிங் நல்ல சோதனைக் கேள்வி. மோட்டார் பெயர்த்தகட்டில் 20 ஆம்பியர் என்று இருக்கிறது. ரிலே மெயின் கான்டாக்டருக்குப் பின்னால், மோட்டார் சுற்றுக்குப் போகும் வழியில் இருந்தால் அதன் வழியே போவது முழுக் கரண்ட் இல்லை, அதில் 0.58 பங்குதான். ஆகவே 11.6 ஆம்பியரில் வைக்கவேண்டும். பெயர்த்தகட்டைப் பார்த்து 20ல் வைத்துவிட்டால் மோட்டார் ஏறக்குறைய 34 ஆம்பியர் இழுக்கும்வரை ரிலே சும்மா இருக்கும். மோட்டார் எரிந்தபின், ‘ரிலே இருந்ததே’ என்பார்கள். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகரிலும் இப்படி ஒன்று. 400 வோல்ட் மோட்டாரை 500 வோல்ட் மெகரில் பார்ப்பது சரிதான், ஆனால் ட்ரைவோடு (வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) இணைந்த மோட்டாரென்றால் ட்ரைவ் பக்க வயரைக் கழற்றிவிட்டுப் பார்க்கவேண்டும். கழற்றாமல் பார்த்தால் மோட்டார் நன்றாக இருக்கும், ட்ரைவ் போய்விடும்.

எழுதுவதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ‘கம்யூனிகேஷன் இல்லை’ என்று நிறுவனங்கள் சொல்லும்போது பள்ளிகள் உடனே ஆங்கிலப் பேச்சு வகுப்பு வைக்கின்றன. பணிமனைக்கு முதலில் வேண்டியது ஷிப்ட் குறிப்பு, அது எந்த மொழியிலும் இருக்கலாம். ‘மிஷின் சரியில்லை, பார்க்கவும்’ என்று எழுதிவிட்டுப் போனால் அடுத்த ஷிப்ட்காரர் பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டும். ‘3ஆம் எண் லேத். காலை 11.20க்குச் சக் பக்கம் சத்தம் வந்தது. 400 சுற்றுக்கு மேல்தான் வருகிறது, கீழே இல்லை. பெல்ட் பார்த்தேன், இறுக்கம் சரி. பேரிங் கவர் திறக்கவில்லை. 14 ஜாப் முடிந்தது, 12 நல்லது, 2 சிவப்புப் பெட்டியில்’ என்று எழுதினால் வேலை தொடரும். எப்போது, எந்த நிலையில், என்ன பார்த்தேன், என்ன பார்க்கவில்லை, எவ்வளவு முடிந்தது என்ற ஐந்தும் அதில் இருக்கின்றன. இதில் ‘என்ன பார்க்கவில்லை’ என்பதை எழுதத்தான் மாணவர்கள் தயங்குவார்கள், அதுதான் அடுத்தவருக்கு அதிகம் உதவும். காலையில் ஒரு குழு பாதியில் நிறுத்திய ஜாப்பை, மதியம் வேறு குழு அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு முடிக்கட்டும். வாய்ப்பேச்சு கூடாது. ஒரே மாதத்தில் எழுத்து திருந்தும்.

இனி நிறுவனங்களுக்கு. ‘உங்களுக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும்’ என்று பள்ளி கேட்டால் ஒழுக்கம், ஆர்வம், குழுவாகச் செயல்படுதல் என்றுதான் பதில் வரும். இதை வைத்து எந்த ஆசிரியராலும் திங்கட்கிழமைப் பாடம் எழுத முடியாது. கேள்வியை மாற்றவேண்டும். போன ஆறு மாதத்தில் புதியவர்கள் ஸ்கிராப் செய்த துண்டுகளைக் காட்டுங்கள். சூப்பர்வைசர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எதற்காகச் சொல்கிறார். புதியவரைத் தனியாக விட எந்த வேலையில் பயப்படுகிறீர்கள். இந்தக் கேள்விகளை மனிதவள அதிகாரியிடம் கேட்டுப் பயனில்லை, இயந்திரத்தில் நிற்பவரிடம் கேட்கவேண்டும். கனடாவில் 1960களின் பிற்பகுதியில் உருவான ‘டேகம்’ முறை இப்படித்தான் நடக்கிறது. அந்த வேலையைக் கைதேர்ந்து செய்யும் எட்டுப் பத்துப் பேரை இரண்டு நாள் உட்கார வைத்து, நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொரு செயலாகச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். ‘அறிதல்’, ‘புரிதல்’ என்றெல்லாம் எழுத விடமாட்டார்கள். ‘சக்கில் ஜாப்பை ஓட்டம் பார்த்துப் பொருத்துதல்’ என்பதுபோல் கையால் செய்து முடிப்பதாக இருக்கவேண்டும்.

நிறுவனங்கள் கொடுக்கக்கூடியவை அதிகம், செலவு குறைவு. பழைய டிராயிங்குகள், தள்ளப்பட்ட ஜாப்கள், எரிந்த கான்டாக்டர், தேய்ந்த பேரிங், உடைந்த டூல் எல்லாம் எடைக்குப் போகுமுன் பள்ளிக்கு வரட்டும். புதிய பேரிங்கை விடத் தேய்ந்த பேரிங் நன்றாகப் பாடம் நடத்தும். ஆசிரியரை ஆண்டுக்கு இரண்டு வாரம் உற்பத்தியில் நிற்க விடுங்கள், விருந்தாளியாக இல்லாமல் ஷிப்டில் ஒருவராக. பயிற்சிக்கு வரும் மாணவரைக் கூட்டிப் பெருக்கவும் டீ வாங்கவும் அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. அது தவறு என்று வெளிப்படையாகச் சொல்கிறோம். இந்த வாரம் எந்த வேலை பார்த்தார், எதை உதவியோடு செய்தார், எதைத் தனியாகச் செய்தார் என்று ஒரு கையேட்டில் வாரந்தோறும் கையெழுத்திடுங்கள். ‘தனியாகச் செய்தார்’ என்ற மூன்றாம் பத்தி காலியாகவே இருந்தால் பள்ளி அந்த மாணவரை வேறு இடத்துக்கு மாற்றட்டும்.

‘எல்லாம் தெரிந்து தயாராக வரவேண்டும்’ என்று எதிர்பார்ப்பதிலும் நியாயம் இல்லை. உங்கள் இயந்திரம், உங்கள் ஃபிக்சர் (ஜாப்பைப் பிடிக்கும் அமைப்பு), உங்கள் ஜாப் உங்களிடம்தான் இருக்கின்றன. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆயிரக்கணக்கான புதியவர்களை அவசரமாகப் பழக்கவேண்டி வந்தபோது, தொழிற்பயிற்சி வல்லுநர் சார்லஸ் ஆலன் வகுத்த நான்கு படிகள் பயன்பட்டன. கற்பவரைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்ய விடு, சோதித்துப் பார். பல இடங்களில் இரண்டாவது படியோடு நின்றுவிடுகிறார்கள். ‘காட்டினேனே’ என்பார் மூத்தவர். புதியவர் ஒவ்வோர் அசைவையும் வாயால் சொல்லிக்கொண்டே, ஏன் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லிச் செய்து காட்டும்வரை கற்பித்தல் முடியவில்லை.

கடைசியாகப் பரீட்சை. பாடம் எப்படி மாறினாலும் பரீட்சை பழையபடி இருந்தால் மாணவர் பரீட்சைக்குத்தான் படிப்பார். ஜெர்மனியில் 1969ல் வந்த தொழிற்பயிற்சிச் சட்டத்திலிருந்தே இறுதித் தேர்வைக் கற்பித்த ஆசிரியர் மட்டும் நடத்துவதில்லை. நிறுவனத்தார், தொழிலாளர் தரப்பினர், பள்ளி ஆசிரியர் மூவரும் குழுவில் இருப்பார்கள். அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே முடியாவிட்டாலும், வெளியிலிருந்து ஒரு மூத்த தொழிலாளியாவது தேர்வு மேசையில் உட்காரலாம். தேர்வு நேரத்தில் இரண்டு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். மாணவர் முன் ஐந்து ஜாப்களை வையுங்கள். இரண்டு நல்லது, ஒன்றில் விட்டம் 0.01 குறைவு, ஒன்றில் பிசிறு, ஒன்றில் மரை சாய்ந்திருக்கிறது. பக்கத்தில் டிராயிங், ஒரு வெர்னியர், ஒரு மைக்ரோமீட்டர், ஒரு மரைக் கேஜ், ஒரு மூலைமட்டம். மைக்ரோமீட்டரின் பூஜ்யம் வேண்டுமென்றே 0.01 தள்ளி வைக்கப்பட்டிருக்கட்டும். பூஜ்யம் பார்க்காமல் அளக்கத் தொடங்குகிறாரா என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
தொழிற்பயிற்சி ஆசிரியர்களும் பணிமனை மேற்பார்வையாளர்களும் சிலர்